மட்டாஞ்சேரி யூதத் தெரு: கடைகள் முடியும் இடத்துக்கு அப்பால் என்ன இருக்கிறது?

கேள்வி – கோவைவாசி

அனைவருக்கும் வணக்கம். சென்ற டிசம்பரில் குடும்பத்தோடு கொச்சிக்குச் சென்றிருந்தபோது, தங்கியிருந்த விடுதியின் வழியாக ஏற்பாடு செய்த வழிகாட்டி ஒருவருடன் மட்டாஞ்சேரி யூதத் தெருவைச் சுற்றிப் பார்த்தோம். என் தந்தையார் பள்ளியில் வரலாறு கற்பித்து ஓய்வு பெற்றவர். அவருக்கு வயது 74. பல ஆண்டுகளாக அவர் பார்க்க விரும்பிய இடம் இது என்பதால், நடைக்காக ஒரு முழுக் காலைப் பொழுதையும் ஒதுக்கி வைத்திருந்தோம். ஆனால் அரண்மனையில் சிறிது நேரம், யூதர்களின் தொழுகைக்கூடத்தில் இருபது நிமிடம், அதன்பின் பழம்பொருள் கடைகளிலும் வாசனைப் பொருள் கடைகளிலும் ஒரு மணி நேரம் என்று அந்தக் காலைப் பொழுது கழிந்துவிட்டது.

கடைகள் ஏறத்தாழ முடிகிற இடத்தில் தெரு தெற்கே இன்னும் நீண்டு போவதைப் பார்த்த அப்பா, அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று கேட்டார். அங்கே பார்க்க ஒன்றுமில்லை, பழைய கிடங்குகள்தான் என்று வழிகாட்டி சொல்லிவிட்டார். வண்டி வந்து நிற்கும் வரை அப்பா அந்தத் திசையையே பார்த்துக்கொண்டு நின்றது என் மனத்தை விட்டு நீங்கவில்லை.

வருகிற ஜனவரியில் அவரை மீண்டும் அழைத்துச் செல்லப் போகிறேன். வழிகாட்டி சொல்லாமல் விட்ட அந்தத் தென்பகுதியில் உண்மையிலேயே என்ன இருக்கிறது? யூதர்களுக்குச் சேர மன்னர் கொடுத்த செப்பேடு தமிழில் உள்ளது என்று அவர் போகிற போக்கில் சொன்னார். அது சரியா? சரியென்றால், தமிழ் படித்த ஒருவரால் அதைப் புரிந்துகொள்ள முடியுமா? தொழுகைக்கூடத்தின் தரையில் பதித்துள்ள ஓடுகளில் ஒன்றைப்போல் இன்னொன்று இல்லை என்பதும் மெய்தானா? கடைசியாக ஒரு சிறிய ஐயம். ஒரு வீட்டு வாசல் நிலைக்காலில், தோள் உயரத்தில், விரல் நீளத்துக்குச் செங்குத்தாக ஒரு பள்ளமும் அதன் மேலும் கீழும் ஆணித் துளைகளும் இருந்தன. அப்பா அதைத் தடவிப் பார்த்து, இது என்ன என்று என்னிடம் கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை.

பதில் – எறணாகுளத்துத் தமிழர்

உங்கள் தந்தையார் சரியான திசையைத்தான் பார்த்திருக்கிறார். பத்தொன்பது ஆண்டுகளாக இந்த ஊரில் வசிக்கிறேன். வருகிற உறவினர்களை எல்லாம் அந்தத் தெருவுக்கு அழைத்துச் செல்வேன். நடையைத் தென்கோடி வரை கொண்டு போகாமல் பாதியில் நிறுத்தினால், பாதி மக்களின் கதையையே விட்டுவிட்டதாக ஆகும் என்பது என் உறுதியான எண்ணம்.

1568இல் கட்டப்பட்டு, இன்று எல்லோரும் பார்த்துச் செல்லும் தொழுகைக்கூடம் தெருவின் வடகோடியில் இருக்கிறது. அதன் பெயரே பரதேசி தொழுகைக்கூடம் என்பதைக் கவனியுங்கள். ஸ்பெயின், போர்ச்சுகல், அலெப்போ என்று வெளிநாடுகளிலிருந்து பிற்காலத்தில் வந்து சேர்ந்தவர்கள் என்பதால் அவர்களுக்கு அந்தப் பெயர் வந்தது. அவர்களுக்குப் பல நூற்றாண்டுகள் முன்பே இந்தக் கரையில் வேரூன்றி, மலையாளம் பேசி, மிளகும் மீனும் காய்கறியும் விற்று வாழ்ந்தவர்கள் மலபார் யூதர்கள். எண்ணிக்கையிலும் அவர்களே மிகப் பெரும்பான்மையினர். கேரளத்தில் பிற்காலம் வரை இயங்கிவந்த எட்டுத் தொழுகைக்கூடங்களில் பரதேசிகளுடையது ஒன்றுதான். மற்ற ஏழும் மலபார் யூதர்களுடையவை. அந்த ஏழில் இரண்டு இதே தெருவில் இருந்தன.

ஒன்றின் பெயர் தெக்கும்பாகம், அதாவது தென்பகுதி. அந்தக் கட்டடம் இன்று இல்லை. மற்றொன்று கடவும்பாகம். கடவு என்றால் படகுத் துறை என்பதைத் தமிழருக்கு விளக்க வேண்டியதில்லை. அதுதான் நீங்கள் போகாமல் திரும்பிய தென்கோடியில் நிற்கிறது. பதினாறாம் நூற்றாண்டைச் சேர்ந்த அந்தக் கூடத்தின் உட்புறம், தாமரைகள் செதுக்கி வண்ணம் தீட்டிய மர விதானத்தோடு, கழற்றி எடுத்துச் செல்லப்பட்டு, இன்று ஜெருசலேமிலுள்ள இஸ்ரேல் அருங்காட்சியகத்தில் மீண்டும் கூட்டி நிறுவப்பட்டிருக்கிறது. உட்புறம் போன வெறும் சுவர்கள் இங்கே கிடங்காகப் பயன்பட்டு, பராமரிப்பின்றிக் கிடந்து, 2019 மழைக்காலத்தில் ஒரு பகுதி இடிந்தும் விழுந்தது. வழிகாட்டி சொன்ன "பழைய கிடங்கு" இதுதான். இடிந்த பிறகு நான் போய்ப் பார்த்தபோது, செம்பாறாங்கல் சுவரின் வெட்டு முகத்தில் ஒன்றன்மேல் ஒன்றாகப் பூசப்பட்டிருந்த சுண்ணாம்பு அடுக்குகள் தெரிந்தன. ஒவ்வொரு அடுக்கும் ஏதோ ஒரு பண்டிகைக்கு முன் யாரோ வெள்ளையடித்ததுதானே என்று எண்ணியபோது அங்கிருந்து நகர மனம் வரவில்லை.

அந்த மக்கள் விரட்டப்பட்டுப் போகவில்லை என்பதையும் உங்கள் தந்தையாரிடம் சொல்லுங்கள். இஸ்ரேல் உருவானபின், வேதத்தில் நாள்தோறும் வாசித்த ஊருக்குப் போகவேண்டும் என்ற ஏக்கத்தால் ஊர் ஊராகப் புறப்பட்டார்கள். பெரும்பாலானோர் 1950களின் நடுப்பகுதிக்குள் போய்விட்டார்கள். யானைக்கால் நோயைக் கொண்டுவந்துவிடுவார்களோ என்று அங்கிருந்த அதிகாரிகள் அஞ்சியதால், வீட்டையும் நிலத்தையும் விற்றுவிட்டுக் காத்திருந்த குடும்பங்கள்கூட நெடுநாள் இங்கேயே நிற்க நேர்ந்தது. பாலைவனமான நெகேவ் பகுதியில் நெவாதிம் என்ற கிராமத்தில் குடியேறியவர்கள், இன்றும் தங்கள் கொச்சி மரபைப் பேணி வருகிறார்கள்.

நிலைக்காலில் உங்கள் தந்தையார் தடவிப் பார்த்த பள்ளம் மெசுசா இருந்த இடம். யூதர்களின் வேதமான தோராவின் வசனங்களை எழுதிய தோல் சுருளை ஒரு சிறு கூட்டில் இட்டு, உள்ளே நுழைபவரின் வலப்பக்க நிலைக்காலில் பதிப்பார்கள். போகும்போதும் வரும்போதும் அதைத் தொட்டு, விரலை முத்தமிட்டுக்கொள்வது வழக்கம். வீட்டை விற்றுவிட்டுப் போனவர்கள் அதைக் கழற்றி எடுத்துச் சென்றிருப்பார்கள். அடுத்த முறை மற்ற வாசல்களையும் பாருங்கள். சன்னல் கம்பிகளில் தாவீதின் ஆறுமுனை நட்சத்திரம் இருக்கும் வீடுகளும் உண்டு.

தெற்கே போனால், குடியிருப்புகளுக்கு நடுவே நெகேமியா மோத்தா என்ற ஞானியின் சமாதியையும் விசாரித்துப் பார்க்கலாம். 1615இல் காலமானவர். அக்கம்பக்கத்து இந்துக்களும் முஸ்லிம்களும் கிறித்தவர்களும் வேண்டிக்கொண்டு மெழுகுவத்தி ஏற்றும் இடம் அது.

பதில் – வட்டெழுத்து ஆர்வலர்

செப்பேட்டைப் பற்றிய பகுதிக்கு மட்டும் நான் பதில் எழுதுகிறேன். ஆம், தமிழ் படித்தவரால் அதில் பெரும்பகுதியைப் புரிந்துகொள்ள முடியும். எழுத்து வட்டெழுத்து, இடையிடையே வடசொற்களுக்குக் கிரந்தம். மொழியைத் தமிழ் என்பதா, பழைய மலையாளம் என்பதா என்பது அறிஞர்களிடையே பேச்சாக இருந்து வருவது. என்னைக் கேட்டால், மேற்குக் கரைத் தமிழ் மலையாளமாக உருவெடுத்துக்கொண்டிருந்த காலத்தின் மொழி என்று சொல்வேன். 'எபிகிராஃபியா இண்டிகா'வின் 3ஆம் தொகுதியில் கல்வெட்டறிஞர் ஹுல்ட்ஷ் இதைப் பதிப்பித்திருக்கிறார். உங்கள் தந்தையார் புறப்படும் முன்பே அந்தப் பாடத்தை வாசித்துவிட்டால், அந்தத் தெருவே அவருக்கு வேறாகத் தெரியும்.

சேர மன்னன் பாஸ்கர ரவிவர்மன் முயிரிக்கோட்டில் எழுந்தருளியிருந்தபோது, கி.பி. 1000 அளவில், ஈசுப்பு இறப்பான் என்ற யூத வணிகத் தலைவருக்கு அளித்த உரிமைச் சாசனம் இது. யோசேப்பு ரப்பான் என்ற பெயர் நம் நாவில் உருண்டு வந்த வடிவம் அது. முயிரிக்கோடு என்பது கொடுங்கல்லூர். யவனரின் மரக்கலம் பொன்னோடு வந்து மிளகோடு திரும்பியதாகச் சங்கப் பாடல் சொல்லும் முசிறியும் அந்தப் பக்கம்தான்.

அவருக்கு அஞ்சுவண்ணம் என்னும் வணிகக் குழுவின் உரிமையும் அதனோடு எழுபத்திரண்டு விடுபேறுகளும், அதாவது சிறப்புரிமைகளும், தரப்பட்டன. பகல்விளக்கு, பாவாடை, குடை, வடுகப்பறை, காகளம் என்ற ஊதுகொம்பு, படிப்புரை என்ற வாயில் மாளிகை, தோரணம் என்று பட்டியல் போகிறது. பாவாடை என்றதும் உடுக்கும் உடை என்று நினைத்துவிட வேண்டாம். பெரியோர் நடந்துவரும் பாதையில் விரிக்கும் துணிக்கு அந்தப் பெயர். பகலில் விளக்கேந்தி வருவதும் பல்லக்கில் செல்வதும் அரசனும் அரசன் அனுமதித்தவரும் மட்டுமே கொண்டிருந்த மரியாதைகள். அடுத்து, உல்கும் துலாக்கூலியும் தள்ளுபடி செய்யப்படுகின்றன. உல்கு என்றால் சுங்கம், துலாக்கூலி என்றால் எடைபோடுவதற்கான கட்டணம். வள்ளுவர் 'உல்குபொருள்' என்று சொன்ன அதே சொல், வேற்று மண்ணிலிருந்து வந்த ஒரு சமூகத்துக்குச் சுங்கத்தை விட்டுக்கொடுக்கும் இடத்தில் வந்து நிற்பதை முதன்முதலில் வாசித்த நாளில் எனக்கு உடல் சிலிர்த்தது. ஊரார் அரண்மனைக்குச் செலுத்துவதை இவர் செலுத்த வேண்டியதில்லை, ஊரார் பெறுவதை இவரும் பெறலாம் என்றும் அதில் உள்ளது. உலகும் சந்திரனும் உள்ளளவும் இந்த உரிமை ஈசுப்பு இறப்பானின் வழியினருக்கு உண்டு என்று சாசனம் சொல்கிறது.

செப்பேடுகள் பரதேசி சமூகத்தின் பாதுகாப்பில் இருந்து வருபவை. ஆகவே அவற்றை நேரில் பார்க்கலாம் என்ற எதிர்பார்ப்போடு செல்ல வேண்டாம். ஆனால் யாரும் காட்டாமலே பார்க்கக்கூடிய கல் ஒன்று தொழுகைக்கூடத்தின் முற்றச் சுவரில் பதிக்கப்பட்டிருக்கிறது. 1344ஆம் ஆண்டைச் சேர்ந்த எபிரேயக் கல்வெட்டு. கொச்சியின் கொச்சங்காடிப் பகுதியில் இருந்து அழிந்துபோன தொழுகைக்கூடத்துக்கு உரியது. 1341இல் பெரியாற்றில் பெருவெள்ளம் வந்து கொடுங்கல்லூர்த் துறை மணல்மேடிட்டு, கொச்சியில் புதிய துறைமுகம் திறந்ததாகச் சொல்வார்கள். மூன்றே ஆண்டுகளில் இங்கே ஒரு தொழுகைக்கூடம் எழுந்திருக்கிறது என்பதை அந்தக் கல்லின் முன் நின்று எண்ணிப் பாருங்கள். பெரும்பாலான குழுக்கள் காலணியைக் கழற்றும் அவசரத்தில் அதைக் கடந்து போய்விடுகின்றன.

கோவைவாசி

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. அந்தக் கல்லை நாங்களும் கடந்துதான் போயிருக்கிறோம் போலும். இனி வழிகாட்டியே வேண்டாம், நாங்களே நடந்துகொள்ளலாம் என்று தோன்றுகிறது. அது சரியாக இருக்குமா?

பதில் – மதுரை ஆசிரியை

வழிகாட்டியே வேண்டாம் என்று முடிவு செய்துவிடாதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். நானும் ஒருமுறை தனியாகவும், பிறகு என் மாணவிகளோடு உள்ளூர் வழிகாட்டி ஒருவருடனும் நடந்திருக்கிறேன். இரண்டாம் முறை பார்த்ததில் பாதிகூட முதல் முறை என் கண்ணில் படவில்லை. வழிகாட்டியிடம் முன்கூட்டியே பேசி, கடைகளுக்குள் போகமாட்டோம், தெருவின் இரு கோடிகளையும் பார்க்க வேண்டும், இரண்டரை மணி நேரம் ஆகும், அதற்குரிய ஊதியம் தருகிறோம் என்று தெளிவாகச் சொல்லிவிடுங்கள். கடைகளிலிருந்து கிடைக்கும் தரகுத் தொகையை நம்பித்தான் பலர் குறைந்த கூலிக்கு நடத்துகிறார்கள் என்பதால், நியாயமான தொகையை நாமே தந்துவிட்டால் நடையின் போக்கே மாறிவிடுகிறது.

அந்த வழிகாட்டி எங்களை நேரே உள்ளே அழைத்துச் செல்லாமல் முதலில் மணிக்கூண்டின் கீழே நிறுத்தினார். டச்சுக் கம்பெனியின் பெரு வணிகராக இருந்த எசேக்கியேல் ரஹாபி 1760களில் எழுப்பியது. ஒரு முகத்தில் எபிரேய எழுத்துகளும் இன்னொரு முகத்தில் ரோமன் எண்களுமாக, பார்ப்பவர் யாரோ அவருக்கேற்ற எழுத்தில் நேரம் காட்டும்படி அமைத்திருக்கிறார்கள். அங்கிருந்து பார்த்தால், தொழுகைக்கூடமும் அரண்மனையும் அரண்மனை வளாகத்துப் பழையன்னூர் பகவதி கோயிலும் எவ்வளவு நெருங்கி நிற்கின்றன என்பது தெரியும். தன் வாசலை ஒட்டியே மன்னர் இடம் கொடுத்திருக்கிறார் என்பதைப் புத்தகத்தில் வாசிப்பதைவிட அங்கே நின்று பார்ப்பதுதான் புரிய வைக்கிறது. 1662இல் போர்ச்சுகீசியர் அந்தத் தொழுகைக்கூடத்துக்குச் சேதம் விளைவித்தார்கள். டச்சுக்காரர் வந்த பின்தான் அது சீர்செய்யப்பட்டது.

தரை ஓடுகளைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். அவையும் ரஹாபி சீனத்தின் கான்டன் நகரிலிருந்து 1762இல் வரவழைத்தவை. ஆயிரத்துக்கும் மேற்பட்டவை. என் மாணவிகள் தரையில் குந்தி அமர்ந்து ஒவ்வொன்றாக ஒப்பிட்டார்கள். வரைந்துள்ள காட்சிகள் சிலவே, அவையே திரும்பத் திரும்ப வருகின்றன. ஆனால் எல்லாம் கையால் தீட்டியவை என்பதால், ஒரே மரக்கிளையில் ஓரிடத்தில் தூரிகை அழுந்தி நீலம் கறுத்திருக்கிறது, பக்கத்து ஓட்டில் அது கரைந்து வெளிறியிருக்கிறது. அந்த அளவில் ஒன்றைப்போல் ஒன்று இல்லை என்பது சரி. ஒவ்வொன்றும் தனிப்படம் என்று சொன்னால் சரியில்லை. பித்தளைக் கம்பிகள் சூழ்ந்த நடுமேடைக்கு மேலே, மாடத்திலும் தோரா வாசிக்க இன்னொரு மேடை இருப்பதைத் தந்தையாருக்குக் காட்டுங்கள். அது கேரளத் தொழுகைக்கூடங்களுக்கே உரிய அமைப்பு. காலணியைக் கழற்றிவிட்டு உள்ளே போவதும் அவர்கள் இந்த மண்ணின் வழக்கத்தோடு ஒன்றியதால் வந்ததே.

இனிமேல் சொல்லப் போவதுதான் எனக்கு மிக முக்கியமானது. அந்த அழகிய கூடத்துக்குள் எல்லோரும் சமமாக அமர்ந்திருக்கவில்லை. அடிமைகளாக இருந்து விடுதலை பெற்றவர்களின் வழியினர் என்று சொல்லி, மெசுஹ்ரரிம் என்று பெயரிட்டு, சிலரைப் பலகையில் அமரவிடாமல் தரையிலும் முன்னறையிலும் நிறுத்தி வைத்தார்கள். தோரா வாசிக்கும் உரிமையும் அவர்களுக்கு மறுக்கப்பட்டது. இறந்தபின் அடக்கம் செய்வதிலும் பிரிவினை இருந்தது. வெள்ளை யூதர், கருப்பு யூதர் என்ற பேச்சும் மணவினை விலக்கும் இதே தெருவில்தான் நடந்தன. நம் ஊர்களில் நாம் கண்ட அதே நோய். இதை எதிர்த்து நின்றவர் ஆபிரகாம் பராக் சேலம் (1882–1967). அவரும் மெசுஹ்ரரிம் குடும்பத்தில் பிறந்தவர். சென்னையில் சட்டம் படித்து வழக்கறிஞரானவர், கொச்சிச் சட்டமன்றத்தில் உறுப்பினராக இருந்தவர். 1929 லாகூர் காங்கிரஸ் மாநாட்டுக்குப் போய் வந்தவர், காந்தியடிகளின் அறவழியைத் தம் சொந்தத் தொழுகைக்கூடத்தின் மீதே பயன்படுத்தினார். நாளடைவில் அந்தக் கட்டுப்பாடுகள் பலவும் தளர்ந்தன. அவரை யூதக் காந்தி என்று அழைத்தார்கள். நண்பர் மேலே எழுதியுள்ள அந்தக் காத்திருந்த குடும்பங்களுக்காக 1953இல் இஸ்ரேல் சென்று அதிகாரிகளிடம் வாதாடியவரும் அவரே. முன்னறையில் ஒரு நிமிடம் நின்று இந்தக் கதையைச் சொல்லாமல் உள்ளே அழைத்துச் செல்லும் வழிகாட்டி, சரவிளக்குகளை மட்டுமே காட்டுகிறார் என்பேன்.

பெண்களைப் பற்றியும் ஒரு சொல். இந்தச் சமூகத்துப் பெண்கள் மலையாளத்தில் பாட்டுகள் பாடி வந்தார்கள். திருமணத்துக்கும் பண்டிகைக்கும், வேதக் கதைகளைச் சொல்லவும், தொழுகைக்கூடம் கட்டிய வரலாற்றைச் சொல்லவும் பாட்டுகள் இருந்தன. கையெழுத்து நோட்டுகளில் எழுதி, தாய் மகளுக்கும் பாட்டி பேத்திக்கும் கொடுத்து வந்தார்கள். ஆண்கள் எபிரேயத்தில் ஓதினார்கள் என்றால், இவர்கள் ஊர்மொழியில் நினைவைக் காத்தார்கள். மாடத்தில் பெண்கள் அமரும் பகுதியைப் பார்க்கும்போது அந்த நோட்டுகளை நினைத்துக்கொள்ளுங்கள்.

நாள் பார்க்கும்போது வெள்ளியும் சனியும் தவிர்க்க வேண்டும். யூதப் பண்டிகை நாள்களிலும் திறந்திருக்காது. நண்பகலில் மூடிவிடுவார்கள் என்பதால், காலையில் திறந்தவுடன் போய்விடுவது பெரியவருக்கும் நல்லது. இன்று அந்தத் தெருவில் பரதேசி யூதர் ஏறக்குறைய எவருமே இல்லை. கூட்டு வழிபாட்டுக்கு வேண்டிய பத்து ஆண்கள் வெளியூரிலிருந்து யாராவது வந்தால்தான் சேர்கிறார்கள். வாசலில் முதியவர் யாரேனும் அமர்ந்திருந்தால், கேட்காமல் படம் எடுக்காதிருப்பது நம் கடமை. என் மாணவிகளிடம், உங்கள் பாட்டி திண்ணையில் அமர்ந்திருக்கும்போது முன்பின் தெரியாதவர் வந்து படம் எடுத்தால் எப்படி இருக்கும் என்று மட்டும் கேட்டேன். அதற்குப் பிறகு ஒருத்திகூடக் கைப்பேசியை உயர்த்தவில்லை.

பதில் – எறணாகுளத்துத் தமிழர்

ஆசிரியை சொல்வதை ஏற்கிறேன். நல்ல வழிகாட்டி அமைந்தால் அதைவிடச் சிறப்பு வேறில்லை. தந்தையாருக்குக் கூடுதலாக ஒரு நாள் இருக்குமானால், வடக்குப் பரவூருக்கும் சேந்தமங்கலத்துக்கும் அழைத்துச் செல்லுங்கள். இரண்டிடத்திலும் மலபார் யூதர்களின் தொழுகைக்கூடங்கள் சீரமைக்கப்பட்டு அருங்காட்சியகங்களாக உள்ளன. மட்டாஞ்சேரியில் கடவும்பாகம் இழந்ததை அங்கே முழு வடிவில் பார்க்கலாம். பரவூரில் தெருவிலிருந்து நேரே கூடத்துக்குள் போக முடியாது. வாயில் மாளிகையைக் கடந்து, நீண்ட நடைவழியில் நடந்துதான் சேரவேண்டும். செப்பேட்டில் படிப்புரை என்ற சொல்லை வாசித்துவிட்டு வருபவர் அந்த வாயிலில் சற்று நிற்பார். சேந்தமங்கலத்தில் வெளியே நிற்கும் கல்லறைக் கல் 1269ஆம் ஆண்டைச் சேர்ந்தது. இஸ்ரவேலின் மகள் சாரா என்று எபிரேயத்தில் பொறித்திருக்கிறது. இந்தியாவில் கிடைத்த எபிரேயக் கல்வெட்டுகளில் இதுவே மிகப் பழையது.

கோவைவாசி

எல்லாவற்றையும் அச்செடுத்து அப்பாவிடம் கொடுத்தேன். நிலைக்காலில் இருந்த பள்ளம் எது என்று படித்ததும், தொட்டபோதே ஏதோ இருந்த இடம் என்று தோன்றியதாகச் சொன்னார். ஜனவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமையைக் குறித்துவிட்டோம். காலையில் தொழுகைக்கூடம், பிறகு தென்கோடி வரை நடை, இன்னொரு நாள் பரவூரும் சேந்தமங்கலமும். நேற்று இரவு முதல் அவர் வட்டெழுத்து அட்டவணை ஒன்றை மேசையில் விரித்து வைத்துக்கொண்டு, பென்சிலால் 'ஈசுப்பு இறப்பான்' என்று எழுதிப் பழகிக்கொண்டிருக்கிறார். 'ப'வும் 'வ'வும் ஒன்றுபோல் தெரிகின்றனவாம். வட்டெழுத்து நண்பர் அவற்றைப் பிரித்தறியும் வழியை எழுதினால் அவருக்குப் பேருதவியாக இருக்கும்.